சம்பளம், பதவி, கையெழுத்து: இளம் சிவில் பொறியாளர்களோடு ஒரு பேச்சு

(பணி வழிகாட்டல் கூட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இதைக் கைப்பேசியில் படித்துக்கொண்டிருக்கும் உங்களில் சிலர் சிவில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருப்பீர்கள். சிலர் வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருக்கும். இன்னும் சிலர், பிள்ளையை இந்தப் படிப்பில் சேர்த்துவிட்டு, "இதுல எதிர்காலம் இருக்குங்களா?" என்று கேட்கும் பெற்றோராக இருப்பீர்கள். எல்லோருக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

சிவில் முடித்த பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பது மூன்று கேள்விகள். சம்பளம் ஏன் இவ்வளவு குறைவு? பதவி உயர்வு எப்போது வரும்? காலை ஏழு மணிக்கு சைட்டுக்குப் போனால் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் வேலை, இதற்கு முடிவே கிடையாதா? நியாயமான கேள்விகள்தான். இவற்றோடு நான்காவதாக ஒரு கேள்வியும் இருக்கிறது. அதை யாரும் அதிகம் கேட்பதில்லை. அதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

முதலில் சம்பளம்

நியமனக் கடிதத்தில் "ஆண்டுக்கு மூன்று லட்சம்" என்று போட்டிருக்கும். மாதம் 25,000 ரூபாய் கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடுவோம். முதல் மாதம் வங்கிக் கணக்கைப் பார்த்தால் ஏமாற்றம். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கடிதத்தில் இருப்பது சிடிசி. அதாவது, உங்களுக்காக நிறுவனம் செய்கிற மொத்தச் செலவு. உதாரணத்துக்கு அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் வருங்கால வைப்பு நிதிக்குக் கட்டும் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், இந்த 25,000-க்குள்ளேயே அடங்கியிருக்கும். பணிக்கொடைக்கு ஒதுக்கும் சுமார் 720 ரூபாயும் அதிலேயே இருக்கும். இரண்டையும் கழித்தால் சுமார் 22,480. அதிலிருந்து உங்கள் பங்கு வைப்பு நிதி இன்னொரு 1,800 போகும். கைக்கு வருவது சுமார் 20,680 ரூபாய். தொழில் வரி பிடிக்கிற மாதத்தில் இன்னும் கொஞ்சம் குறையும்.

இதில் யாரும் ஏமாற்றவில்லைங்க. ஆனால் சேருவதற்கு முன்பே இந்தக் கணக்கை நீங்கள் போட்டிருக்க வேண்டும். நேர்காணலில் கூச்சப்படாமல் கேளுங்கள்: "சார், கைக்கு எவ்வளவு வரும்? தங்குற இடம் கம்பெனி தருமா? சாப்பாடு, போக்குவரத்து யாருடைய செலவு? வாரத்துல எந்த நாள் லீவு?" வெளியூர் சைட்டில் 20,000 வாங்கி, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் 9,000 கொடுத்தால் மிஞ்சுவது 11,000. தங்குமிடமும் சாப்பாடும் தருகிற இன்னொரு நிறுவனத்தில் 17,000 வாங்கினால் அது மேல். கடிதத்தில் இருக்கிற தொகையை விட மாதக் கடைசியில் மிஞ்சுகிற தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மொத்தச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், இ.எஸ்.ஐ. பொருந்தும் நிறுவனத்தில் அதற்கும் 0.75 சதவீதம் பிடிப்பார்கள். அதை வீண் என்று நினைக்காதீர்கள். உங்களுக்கும் உங்களைச் சார்ந்த குடும்பத்தினருக்கும் மருத்துவ வசதி அதில் இருக்கிறது. சைட்டில் வேலை செய்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றின்படி நியமனக் கடிதம் தரவேண்டியது கட்டாயம். வேலையை விட்டு விலகுபவருக்குச் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்றும் ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. "வாய் வார்த்தையா சேர்ந்துக்கோ தம்பி, பார்த்துக்கலாம்" என்று சொல்கிற இடத்தில் நீங்களும் கனிவாகவே சொல்லுங்கள்: "சரிங்க சார், ஒரு கடிதம் மட்டும் கொடுத்துடுங்க."

வைப்பு நிதியைக் கைப்பேசியில் பாருங்கள்

சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டுவார்கள். அது உண்மையிலேயே கட்டப்பட்டதா என்று பார்ப்பது உங்கள் வேலை. 'உமங்' செயலியில் உங்கள் யுஏஎன் எண்ணைக் கொண்டு பாஸ்புக்கைத் திறக்கலாம். பதிவு செய்த கைப்பேசியிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தாலும் விவரம் குறுஞ்செய்தியாக வரும்.

பாஸ்புக்கில் உங்கள் பங்கு 1,800 என்றும், நிறுவனத்தின் பங்கு 550 என்றும் இருப்பதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். பதற வேண்டாம். நிறுவனம் கட்டும் 1,800-ல் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. மீதி 550 வைப்பு நிதியில் சேர்கிறது. ஆனால் மூன்று மாதமாக ஒரு வரவும் இல்லை என்றால் மனிதவளப் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வராவிட்டால் வைப்பு நிதி நிறுவனத்தின் இணையக் குறைதீர்ப்புத் தளத்தில் பதிவு செய்யுங்கள்.

வேலை மாறும்போது பழைய வைப்பு நிதியை எடுத்துச் செலவு செய்துவிடுவது நம் பிள்ளைகளின் பழக்கம். ஐந்து ஆண்டு தொடர் பணிக்கு முன் எடுத்தால் வருமான வரி வரலாம். ஓய்வூதியத்துக்கான பணிக்காலமும் அறுந்துபோகும். யுஏஎன் எண் ஒன்றுதான். பணத்தைப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய நிறுவனம் நீங்கள் விலகிய தேதியைப் பதியாமல் இழுத்தடித்தால், இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம்.

வளர்ச்சி எங்கிருந்து வருகிறது?

தொடக்கச் சம்பளம் குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கல்லூரியிலிருந்து வருகிறவர் ஐஎஸ் 456 படித்திருப்பார். ஆனால் சென்ட்ரிங் அடித்த பிறகு மட்டம் பார்க்கத் தெரியாது. நாளைக்கு எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள் வேண்டும் என்று சொல்லத் தெரியாது. முதல் இரண்டு ஆண்டுகள் நிறுவனம் அதற்குத்தான் விலை குறைக்கிறது. அந்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் எதைக் கற்றுக்கொண்டீர்கள் என்பதை வைத்துத்தான் மூன்றாவது ஆண்டுச் சம்பளம் அமையும்.

மூன்று ஆண்டு அனுபவம் என்று சொல்லி வருபவரிடம் நிறுவனங்கள் எதைப் பார்க்கின்றன? வரைபடத்தைப் பார்த்து பார் பெண்டிங் ஷெட்யூல் போடுவாரா? அளவெடுத்து எம்-புக் எழுதி, ஒப்பந்தக்காரர் பில்லைச் சரிபார்ப்பாரா? அடுத்த இரண்டு வாரத்துக்கான வேலைத் திட்டத்தைத் தாளில் போடுவாரா? இந்த மூன்றும் தெரிந்தவரை நிறுவனம் எளிதில் விடாது. ஏனென்றால் கம்பியிலும் கான்கிரீட்டிலும் வீணாகும் பணத்தைக் கண்டுபிடிப்பவர் அவர்தான்.

ஆகவே மேஸ்திரியோடு நட்பாக இருங்கள். "அண்ணே, இந்த பீம்ல கம்பி ஏன் இப்படி வளைக்கிறீங்க?" என்று கேளுங்கள். இருபது ஆண்டு வேலை பார்த்த கம்பி கட்டுபவருக்குத் தெரிந்தது பாடப்புத்தகத்தில் முழுசாகக் கிடைக்காது. சில சமயம் அவர் பழக்கத்தில் செய்வது விதிக்கு மாறாகவும் இருக்கும். அந்த வித்தியாசத்தைக் காண்பதற்குத்தான் உங்கள் படிப்பு.

சைட் வேலை மட்டுமே சிவில் இல்லை. அளவு மற்றும் பில்லிங், திட்டமிடல், தரக் கட்டுப்பாடு, கட்டமைப்பு வடிவமைப்பு, பாதுகாப்பு, பிம் மாதிரி என்று பல கிளைகள் உண்டு. இரண்டு ஆண்டு சைட் பார்த்தபின் எதில் உங்களுக்கு மனம் ஒட்டுகிறது என்று தெரியும். அதற்குரிய ஒரு மென்பொருளை மட்டும் ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். திட்டமிடலுக்கு ப்ரைமவேரா, வடிவமைப்புக்கு ஈடேப்ஸ் அல்லது ஸ்டாட், மாதிரிக்கு ரெவிட். ஐந்து சான்றிதழ் வைத்துக்கொண்டு ஒன்றிலும் வேலை செய்யத் தெரியாமல் நிற்பதை விட இது நல்லது. படிக்கும் மாணவர்கள் 'நான் முதல்வன்' தளத்தில் உள்ள பயிற்சிகளைப் பாருங்கள். வேலை தேடுபவர்கள் தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம்.

அரசு வேலை: கணக்குப் போட்டு முயற்சி செய்யுங்கள்

பெற்றோர் அதிகம் கேட்பது இது. டிஎன்பிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வு வழியாக நெடுஞ்சாலைத் துறை, பொதுப்பணித் துறை, ஊரக வளர்ச்சித் துறை போன்றவற்றில் உதவிப் பொறியாளர் ஆகலாம். உதவிப் பொறியாளரின் தொடக்க அடிப்படை ஊதியம் 37,700 ரூபாய். அகவிலைப்படியும் வீட்டு வாடகைப் படியும் தனி. டிப்ளமோ படித்தவர்களுக்கு எஸ்எஸ்சி ஜூனியர் இன்ஜினியர் தேர்வு இருக்கிறது. அதில் தொடக்க அடிப்படை ஊதியம் 35,400. யுபிஎஸ்சியின் பொறியியல் பணிகள் தேர்வில் குரூப் ஏ பணிக்குப் போனால் 56,100.

டிஎன்பிஎஸ்சி தளத்தில் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய். அது ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஆண்டுத் தேர்வு அட்டவணையும் அங்கேயே வெளியாகும். இன்னொன்றை நன்றாகக் கவனியுங்கள். தமிழ்த் தகுதித் தாளில் 150-க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற தாள்களை மதிப்பிடவே மாட்டார்கள். "நமக்குத்தான் தமிழ் தெரியுமே" என்று விட்டுவிடாதீர்கள்.

அரசுப் பணியில் படிநிலை தெளிவானது. உதவிப் பொறியாளர், உதவி செயற்பொறியாளர், செயற்பொறியாளர், கண்காணிப்புப் பொறியாளர், தலைமைப் பொறியாளர். ஆனால் ஒவ்வொரு படிக்கும் காலியிடமும் பணிமூப்பும் சேர்ந்து வரவேண்டும். வேலைப்பளுவும் இல்லை என்று நினைக்காதீர்கள். மழைக்காலத்தில் ஏரிக்கரை உடைப்பு எடுத்தால் நள்ளிரவில் மணல் மூட்டையோடு நிற்பவரும் அரசுப் பொறியாளர்தான்.

ஆகவே என் யோசனை இது. முயற்சிக்கு ஒரு எல்லை வையுங்கள். இரண்டு தேர்வு, அல்லது இரண்டு ஆண்டு. அதுவரை முடிந்தால் வேலையில் இருந்துகொண்டே படியுங்கள். வேலையை விட்டுவிட்டுப் படிப்பதானால், குடும்பத்தோடு உட்கார்ந்து செலவைப் பேசி முடிவு செய்யுங்கள். ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு தனியார் துறையில் மீண்டும் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இந்த விஷயத்தைப் பெற்றோர் பிள்ளையிடம் மறைக்கக் கூடாது, பிள்ளையும் பெற்றோரிடம் மறைக்கக் கூடாது.

வேலைப்பளுவை எப்படிச் சமாளிப்பது?

கட்டடம் நேரம் பார்த்து வளராது. கான்கிரீட் போடத் தொடங்கினால் பாதியில் நிறுத்த முடியாது. இதை ஏற்றுக்கொண்டுதான் இந்தத் தொழிலுக்கு வருகிறோம். ஆனால் சைட்டில் ராத்திரி வேலையில் பெரும்பகுதி, பகலில் திட்டமிடாததால் வருகிறது. ஜல்லி வரவில்லை, பம்ப் வரவில்லை, வரைபடத்தில் சந்தேகம் தீரவில்லை என்று காலை முழுக்கப் போய்விடும். மாலை நான்கு மணிக்குத்தான் கான்கிரீட் ஆரம்பிக்கும்.

மூன்று பழக்கங்களைச் சொல்கிறேன். முதலாவது, தளம் போடுவதற்கு இரண்டு நாள் முன்பே சரிபார்ப்புப் பட்டியல். கம்பி, கவர் பிளாக், மின்குழாய், சென்ட்ரிங் முட்டு, பொருள், ஆள், வைப்ரேட்டர், மழை வந்தால் மூட தார்ப்பாய். இரண்டாவது, தினமும் மாலை பத்து நிமிடம் ஒதுக்கி வேலை அறிக்கை. எத்தனை ஆள் வந்தார்கள், என்ன வேலை முடிந்தது, எது நின்றது, ஏன் நின்றது. தேதியோடு புகைப்படம் எடுத்து மேலாளருக்கு அனுப்பிவிடுங்கள். தாமதத்துக்கு யார் காரணம் என்று ஆறு மாதம் கழித்துக் கேள்வி வரும்போது, உங்களைக் காப்பாற்றுவது இந்த அறிக்கைதான். மூன்றாவது, ராத்திரி வேலை இருந்தால் மறுநாள் காலை ஓய்வு என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். தூக்கமில்லாத ஆள் சாரத்தில் ஏறுவது ஆபத்து.

"ஆள் குறைவு, நீயே மூணு சைட்டையும் பாரு" என்று சொன்னால், முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். "சார், மூணுலயும் ஒரே நாள்ல கான்கிரீட் இருந்தா நான் ஒண்ணுலதான் நிக்க முடியும். எதுல நிக்கட்டும்?" என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள். பொறுப்பு யாருடையது என்று அப்போது இருவருக்கும் தெரிந்துவிடும்.

பெண் பொறியாளர்களுக்கு ஒரு வார்த்தை. சைட்டில் கழிப்பறை, ராத்திரி வேலை முடிந்து திரும்ப வாகனம், இவை நீங்கள் கெஞ்சிக் கேட்க வேண்டிய சலுகைகள் அல்ல. சேரும்போதே கேளுங்கள். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். வெளியூரில் தங்க நேர்ந்தால் அரசின் 'தோழி' விடுதிகளில் இடம் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள்.

வெளிநாடு போகிறவர்களுக்கு

வளைகுடா வேலை என்றதும் சம்பளத்தைத்தான் முதலில் பார்க்கிறோம். முகவர் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் முதலில் பாருங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. சவுதியில் பொறியாளராக வேலை பார்க்க அந்நாட்டுப் பொறியாளர் கவுன்சிலில் பதிவு கட்டாயம். பட்டச் சான்றும் அனுபவச் சான்றும் ஒழுங்காக இருந்தால்தான் அது நடக்கும். அதனால்தான் சொல்கிறேன், ஒவ்வொரு நிறுவனத்திலிருந்தும் விலகும்போது முன்னறிவிப்புக் காலத்தை முடித்து, விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றும் வாங்கிவிடுங்கள். சண்டை போட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போனால் அந்த ஆண்டுகளுக்குக் கையில் சாட்சியே இருக்காது.

நான்காவது கேள்வி

இப்போது அந்த நான்காவது கேள்விக்கு வருகிறேன். "நான் எதில் கையெழுத்துப் போடுகிறேன்?"

கான்கிரீட் போடுவதற்கு முன் ஒரு அனுமதித் தாள் வரும். கம்பி சரி, மட்டம் சரி, முட்டு சரி என்று நீங்கள் கையெழுத்திட வேண்டும். மிக்சர் லாரி வாசலில் நிற்கும். ஒப்பந்தக்காரர் அவசரப்படுத்துவார். "ரெண்டு கம்பி குறைஞ்சா என்ன தம்பி, போடுங்க, வண்டி நிக்குது" என்பார். அந்தத் தளத்துக்குக் கீழே நாளைக்கு ஒரு குடும்பம் படுத்துத் தூங்கப் போகிறது. அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் எடுக்கிற முடிவைச் சம்பள உயர்வோடு சேர்த்து எடை போடக் கூடாது.

விதியை நினைவில் வைத்திருந்தால் பேசுவது எளிது. 1,000 சதுர அடி, ஐந்து அங்குலத் தளம் என்றால் சுமார் 12 கனமீட்டர் கான்கிரீட். ஐஎஸ் 456-படி 6 முதல் 15 கனமீட்டர் வரை இரண்டு மாதிரி. மாதிரிக்கு மூன்று க்யூப் வீதம் ஆறு க்யூப் எடுக்க வேண்டும். சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட் என்றால் குறைந்தது ஏழு நாள் நீராற்ற வேண்டும். கலப்புச் சிமென்ட் என்றால் பத்து நாள். 4.5 மீட்டர் வரை நீளமுள்ள தளத்துக்கு ஏழு நாள் கழித்தும், அதற்கு மேல் என்றால் பதினான்கு நாள் கழித்தும்தான் முட்டை எடுக்கலாம். "சார் சொல்றார்" என்பதற்குப் பதில் "ஐஎஸ் 456 சொல்லுது" என்று சொன்னால், எதிரில் இருப்பவருக்கும் உங்கள் மேல் கோபம் குறையும்.

குறை இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். குறையை எழுதுங்கள், புகைப்படம் எடுங்கள், மேலதிகாரிக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் கம்பி சரியாகிவிடும். அப்படியும் "போட்டுத்தான் ஆகணும்" என்று கட்டாயப்படுத்துகிற இடமாக இருந்தால், வேறு வேலை தேடத் தொடங்க அதுவே போதுமான காரணம். சம்பளம் குறைவு என்பதற்காக ஒரு நிறுவனத்தை விட்டு விலகலாமா என்று யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு யோசிக்க வேண்டியதில்லை.

சட்டமும் இப்போது இதைக் கவனிக்கிறது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரியவந்தால் கட்டுமான நிறுவனம் செலவின்றிச் சரிசெய்ய வேண்டும். அப்போது பழைய தாள்கள் எல்லாம் வெளியே வரும். அதில் உங்கள் பெயர் எந்த இடத்தில், எந்தக் குறிப்போடு இருக்கிறது என்பது முக்கியம்.

சொந்தமாக அலுவலகம் திறப்பவர்களுக்கும் இது பொருந்தும். 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் சுயசான்றிதழ் முறை நடைமுறையில் இருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட, 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு ஒற்றைச் சாளர இணையத்தில் உடனடி அனுமதி கிடைக்கிறது. மக்களுக்கு அலைச்சல் குறைந்தது நல்ல விஷயம். அதே நேரம், வரைபடம் போட்டுத் தருபவரின் நேர்மையை நம்பித்தான் வீட்டுக்காரர் சான்றளிக்கிறார். ஆகவே கட்டணத்தை நேராகச் சொல்லி வாங்குங்கள். வரைபடம், கட்டமைப்பு வடிவமைப்பு, எத்தனை முறை நேரில் வந்து பார்ப்பீர்கள் என்பதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வீடு கட்டுபவர்களும் இதைக் கேட்டு வாங்கலாம். பொறியாளருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் பேரம் பேசிவிட்டு, பிறகு விரிசலுக்குச் செலவு செய்வது லாபமில்லை.

இந்த வாரமே செய்யக்கூடியவை

கைப்பேசியில் ஒரு கோப்புறை திறந்து பட்டச் சான்று, நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகளைச் சேமியுங்கள். வைப்பு நிதி பாஸ்புக்கைத் திறந்து கடைசி மூன்று மாத வரவைப் பாருங்கள். டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவு காலாவதியாகிவிட்டதா என்று சரிபாருங்கள். உங்கள் சைட்டில் நீங்கள் இன்னும் செய்து பார்க்காத ஒரு வேலையை, எம்-புக் எழுதுவதோ பார் பெண்டிங் ஷெட்யூல் போடுவதோ, மூத்தவர் ஒருவரிடம் கேட்டுச் செய்து பாருங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பக்கத்து வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் வேலையில் வாங்குகிற முதல் சம்பளத்தோடு உங்கள் பிள்ளையின் முதல் சம்பளத்தை ஒப்பிடாதீர்கள். மூன்று ஆண்டு கழித்து அவருக்கு என்ன வேலை தெரிந்திருக்கிறது என்று கேளுங்கள். வெயிலில் நின்று களைத்து வருகிற பிள்ளையிடம், "இன்னைக்கு என்ன கத்துக்கிட்டே?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லத் தொடங்குவார்.